தண்ணீருக்குள் உலோக அயனி எப்படி அணைவாகிறது? ஆய்வகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணைவுச் சேர்மங்கள் பாடத்தை வகுப்பில் நடத்தும்போது சந்தேகங்கள் பெரும்பாலும் பெயரிடுவதிலும் மாற்றியங்களிலுமே நின்றுவிடும். ஆய்வகத்துக்கு வந்து, சோதனைக்குழாயில் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உருப்படியான கேள்விகள் கிளம்பும். அப்படி வருடா வருடம் என்னிடம் வருபவை இவை. ஆரம்பிக்கும் முன் இரண்டு சொற்கள்: எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்து உலோக அயனியோடு பிணையும் மூலக்கூறு அல்லது அயனிக்கு ஈனி என்று பெயர். உலோக அயனியும் அதைச் சுற்றிப் பிணைந்த ஈனிகளும் சேர்ந்ததுதான் அணைவு.

மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசல் நீலமாக இருக்கிறதே, தாமிர அயனியின் நிறம் நீலம்தானே?

இல்லை. ஒரு சின்ன மூசையில் மயில்துத்தப் படிகங்களைப் போட்டு நன்றாகச் சூடாக்கிப் பாருங்கள். நீலம் போய்ச் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடியாகிவிடும். தாமிரமும் அங்கேயேதான் இருக்கிறது, சல்பேட்டும் அங்கேயேதான் இருக்கிறது. போனது தண்ணீர் மட்டும். ஆறிய பொடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், சொட்டு விழுந்த இடம் சட்டென்று நீலமாகும். பொடி கொஞ்சம் சூடாவதும் தெரியும். ஆக, அந்த நீலம் தாமிரத்தின் தனிச்சொத்து அல்ல. தாமிரமும் தண்ணீரும் சேர்ந்து உண்டாக்கிய நிறம்.

படிகத்தின் வாய்பாட்டில் ஐந்து நீர் என்று போட்டிருக்கும். அவற்றில் நான்குதான் தாமிரத்தோடு நேரடியாகப் பிணைந்தவை. ஐந்தாவது, சல்பேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. படிகத்தைக் கரைத்ததும் சல்பேட் பெரும்பாலும் விலகிப் போகிறது. காலியான இடத்துக்கும் தண்ணீரே வந்து உட்கார்ந்துகொள்கிறது: நான்கு நீர் மூலக்கூறுகள் நெருக்கத்தில், மேலும் கீழுமாகச் சற்றுத் தள்ளி மற்றவை.

அப்படியென்றால் தண்ணீரும் ஓர் ஈனியா?

ஆமாம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. சமன்பாட்டில் "தாமிர அயனி" என்று எழுதிப் பக்கத்தில் நீர்க்கரைசல் என்று ஒரு குறி போட்டு நகர்ந்துவிடுகிறோம். அதைப் பார்க்கிறவர்களுக்கு, அயனி வெறுமனே மிதந்துகொண்டிருப்பது போலவும், நாம் அம்மோனியாவை ஊற்றியதும் அது போய் ஒட்டிக்கொள்வது போலவும் ஒரு படம் மனதில் விழுந்துவிடுகிறது. தண்ணீரில் வெறும் உலோக அயனி என்று ஒன்று கிடையாது. நீங்கள் புட்டியைத் திறக்கும் முன்பே அது ஓர் அணைவுதான், நீர் அணைவு. நாம் பார்ப்பது ஒட்டுதல் அல்ல, இடமாற்றம். ஒரு நீர் மூலக்கூறு எழுந்து போக, அந்த இடத்தில் வேறொன்று உட்காருகிறது.

அம்மோனியா விட்டால் முதலில் கலங்குகிறது, அப்புறம் தெளிகிறது. ஏன் இந்த இரட்டை வேலை?

அம்மோனியாவுக்கு இரண்டு முகம் இருப்பதால்தான். அது ஓர் ஈனி. அதோடு ஒரு வலுக்குறைந்த காரமும்கூட. முதல் சில சொட்டுகளில் காரம் முந்திக்கொள்கிறது. தண்ணீரோடு சேர்ந்து உண்டான கொஞ்சம் ஹைட்ராக்சைடு அயனி, தாமிரத்தை வெளிர்நீல வீழ்படிவாக இறக்கிவிடுகிறது. அதில் தாமிர ஹைட்ராக்சைடோடு காரத் தாமிர சல்பேட்டும் கலந்திருக்கும். மேலும் மேலும் விடும்போது தனி அம்மோனியாவின் (எதோடும் பிணையாமல் மிச்சமிருப்பதன்) செறிவு கூடி, ஈனி முகம் ஜெயிக்கிறது. வீழ்படிவோடு சமநிலையில் இருக்கும் துளி அளவு தாமிர அயனியை அம்மோனியா பிடித்துக்கொண்டே போக, ஈடுகட்ட வீழ்படிவு கரைந்துகொண்டே வருகிறது. கடைசியில் மையைக் கரைத்தாற்போல் அடர்நீலம்.

அவசரப்பட்டுக் குலுக்காதீர்கள். சோதனைக்குழாயைச் சாய்த்து, சுவரோரமாக மெதுவாக விட்டால் மூன்றும் ஒரே குழாயில் தெரியும்: மேலே அடர்நீலம், நடுவே பால் கலந்தாற்போல் ஒரு கலங்கல் வளையம், அடியில் பழைய வெளிர்நீலம். அம்மோனியாக் கரைசல் தண்ணீரைவிட லேசானது என்பதால் மேலேயே நிற்கிறது. (சித்திரை வெயிலில் அடர் அம்மோனியா புட்டியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும்.)

நிறம் ஏன் இவ்வளவு ஆழமாகிறது? நீர் அணைவு உறிஞ்சும் ஒளியின் உச்சம் 800 நானோமீட்டர் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குச் சற்று வெளியே இருக்கிறது. அதன் ஓரம் மட்டும்தான் சிவப்பைக் கொஞ்சம் கடிக்கிறது. அம்மோனியா வலுவான ஈனி என்பதால் அந்த உச்சம் 600 நானோமீட்டர் பக்கம் நகர்ந்து, ஆரஞ்சு நிறத்தை நேராக விழுங்குகிறது. மிச்சம் வருவது அடர்நீலம்.

அந்த அடர்நீல அணைவில் எப்போதும் நான்கு அம்மோனியாதான் சேருமா? ஆறு ஏன் சேரவில்லை?

நான்கும் ஒரே மூச்சில் சேர்வதில்லை, ஒவ்வொன்றாகத்தான் சேர்கிறது. ஒவ்வொரு படிக்கும் தனி சமநிலை மாறிலி உண்டு; அந்தப் படி எந்த அளவுக்கு நடந்து முடியும் என்று காட்டும் எண் அது. டென்மார்க்கைச் சேர்ந்த வேதியியலாளர் யானிக் பியெரும் 1941-இல் இதைக் கண்ணாடி மின்முனையை வைத்து அளந்து காட்டினார். கரைசலில் மிச்சமிருக்கும் தனி அம்மோனியா எவ்வளவு என்பதை பிஹெச் வழியாகக் கண்டுபிடித்து, எத்தனை அம்மோனியா உலோகத்தோடு போய்விட்டது என்று கணக்குப் போடுவதுதான் முறை. தாமிரத்துக்கு அந்த நான்கு மாறிலிகளும் ஏறத்தாழ 14,000, 3,200, 780, 135. ஒவ்வொரு படிக்கும் மதிப்பு இறங்கிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். எழுப்பிவிட வேண்டிய நீர் மூலக்கூறுகள் குறைந்துகொண்டே வருகின்றன, திரும்பிப் போகக்கூடிய அம்மோனியாக்கள் கூடிக்கொண்டே வருகின்றன. அதனால் இறக்கம் இயல்பு. ஐந்தாவது, தள்ளி இருக்கும் நீளப் பிணைப்பு இடத்தில் உட்கார வேண்டும். அங்கே பிடிப்பு மிகக் குறைவு. ஆறாவது, நீர்க்கரைசலில் நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நிலைப்பு மாறிலி என்று ஒரு பெரிய எண் கொடுக்கிறார்களே, அதை வைத்து என்ன செய்வது?

மேலே சொன்ன நான்கையும் பெருக்கினால் 10-இன் அடுக்கு 12.7 வரும். அதுதான் மொத்த நிலைப்பு மாறிலி. எண் பெரிதாக இருக்கிறதே, அப்படியானால் எல்லாத் தாமிரமும் நான்கு அம்மோனியாவோடுதான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தனி அம்மோனியாவின் செறிவு தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

தனி அம்மோனியா லிட்டருக்கு 0.1 மோல் என்று வைத்துக்கொள்வோம். 93 விழுக்காட்டுத் தாமிரம் நான்கு அம்மோனியாவோடும், மிச்சத்தில் அநேகமாக எல்லாமே மூன்றோடும் இருக்கும். அதே செறிவை நூறில் ஒரு பங்காக, 0.001 மோலாகக் குறைத்துப் பாருங்கள். வெறும் நீர் அணைவை 1 என்று கொண்டால், ஓர் அம்மோனியா உள்ளது 14, இரண்டு உள்ளது 45, மூன்று உள்ளது 35, நான்கு உள்ளது வெறும் 5. பாடநூல் வாய்பாட்டில் இருக்கும் அந்த நான்கு அம்மோனியா அணைவு இங்கே இருபதில் ஒரு பங்கு! இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்த எந்த வரையறையையும்விட இது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

அடர்நீலக் கரைசலில் அமிலம் விட்டால் நிறம் வெளிறுவதும் இதனால்தான். அமிலம் தாமிரத்தை ஒன்றும் செய்வதில்லை. அது அம்மோனியாவை அம்மோனியம் அயனியாக்கி ஓரங்கட்டிவிடுகிறது. காலியான இடத்துக்குத் தண்ணீர் திரும்பி வந்துவிடுகிறது.

கொடுக்கிணைப்பு ஈனிகள் மட்டும் ஏன் அவ்வளவு பலமாகப் பிடிக்கின்றன?

ஒரே மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட முனைகளால் உலோகத்தைக் கவ்வினால் அது கொடுக்கிணைப்பு ஈனி. நிக்கலோடு ஆறு அம்மோனியா சேர்ந்தால் மொத்த மாறிலி 10-இன் அடுக்கு 8.6. இரண்டு முனையிலும் நைட்ரஜன் உள்ள எத்திலீன்டைஅமீன் மூன்று சேர்ந்தால் அடுக்கு 18-ஐத் தாண்டுகிறது. இரண்டிலும் நிக்கலைப் பிடித்திருப்பவை அதே ஆறு நைட்ரஜன்கள்தான். பிணைப்பின் வலுவிலும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் தலை எண்ணிக்கையில் இருக்கிறது. முதலாவதில் ஆறு உள்ளே போக, ஆறு நீர் வெளியே வருகிறது. இரண்டாவதில் மூன்று உள்ளே போக, ஆறு நீர் வெளியே வருகிறது. கரைசலில் சுதந்திரமாகத் திரியும் மூலக்கூறுகள் கூடுகின்றன, அதாவது என்ட்ரோபி (சிதறிக் கிடக்கும் தன்மை) கூடுகிறது. அது கூடும் பக்கமே சமநிலை சாய்கிறது. இங்கேயும் பாருங்கள், வெளியேறும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் பதில் கிடைக்காது.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். நண்டு ஒரு கொடுக்கை விட்டாலும் இன்னொரு கொடுக்கு பிடித்திருக்கும். விட்ட கொடுக்கு மறுபடி கவ்வ அதிக தூரம் போக வேண்டியதில்லை.

போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ வைத்து அளக்கிறோமே, குடுவைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் அந்தக் கூம்புக் குடுவைக்குள் ஒரே சமயத்தில் மூன்று போட்டிகள் நடக்கின்றன.

கடினத்தன்மை தரும் கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீரில் நீர் அணைவுகளாக இருக்கின்றன. அம்மோனியா–அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசலை (பிஹெச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) விட்டு பிஹெச் 10-க்குக் கொண்டுவருகிறோம். எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியைச் சிட்டிகை போட்டதும் அது மெக்னீசியத்தைப் பிடித்து ஒயின் சிவப்பாகிறது. பியூரெட்டிலிருந்து ஈடிடிஏ இறங்குகிறது. ஆறு இடங்களிலும் ஒரே மூலக்கூறாகச் சுற்றிப் பிடிக்கும் ஈனி இது. முதலில் கால்சியத்தைப் பிடிக்கிறது (மாறிலியின் அடுக்கு 10.7), பிறகு தனி மெக்னீசியத்தை (8.7). கடைசியில் நிறங்காட்டியின் கையிலிருக்கும் மெக்னீசியத்தையும் (அந்தப் பிடியின் அடுக்கு 7) பிடுங்கிக்கொள்கிறது. உலோகத்தை இழந்த நிறங்காட்டி நீலமாகிறது. முடிவுநிலை அதுதான்.

பிஹெச் ஏன் 10? ஈடிடிஏ தன் ஹைட்ரஜன்களை எல்லாம் விட்டால்தான் முழுப் பலத்தோடு பிடிக்கும். பிஹெச் 10-இல் மூன்றில் ஒரு பங்கு அந்த நிலையில் இருக்கிறது. பிஹெச் 7-இல் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்காக 12-க்கு மேல் ஏற்றினால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். கால்சியத்தை மட்டும் தனியாக அளக்க வேண்டுமென்றால் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். நிறங்காட்டியும் அப்போது வேறு.

ஒருமுறை காலை முழுக்க எனக்கு முடிவுநிலை சரியாகவே வரவில்லை. சிவப்பு, ஊதா, மறுபடி ஊதா என்று இழுத்துக்கொண்டே போனது. தண்ணீரைத் திட்டினேன், நிறங்காட்டியைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் தாங்கல் கரைசல் புட்டியை முந்தைய நாள் மூடாமல் வைத்துவிட்டுப் போனவன் நான்தான். அம்மோனியா பறந்துபோய் பிஹெச் இறங்கியிருக்கிறது. முடிவுநிலை இழுத்தால் முதலில் தாங்கல் கரைசலை மோந்து பாருங்கள். அம்மோனியா நெடி வர வேண்டும். அது சரியாக இருந்தால், தண்ணீரில் மெக்னீசியம் ரொம்பக் குறைவா, இரும்பு கலந்திருக்கிறதா என்று யோசியுங்கள். இரும்பு நிறங்காட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு விடாது.

கணக்கு எளிது. 0.01 மோலார் ஈடிடிஏ 1 மி.லி. என்பது 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 50 மி.லி. தண்ணீருக்கு 22.5 மி.லி. செலவானால் லிட்டருக்கு 450 மி.கி. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. அடியில் உப்புப் படிந்த பாத்திரமும், நுரைக்காத சோப்பும் வீட்டில் இருந்தால், எண் என்ன வரும் என்று ஓரளவு யூகித்துவிடலாம்.

ஃபெரிக் குளோரைடு கரைசல் ஏன் அமிலமாக இருக்கிறது? அதில் அமிலமே போடவில்லையே?

இதற்கும் பிணைந்த தண்ணீர்தான் காரணம். மூன்று நேர்மின்சுமை உள்ள சின்ன இரும்பு அயனி, தன்னோடு பிணைந்த நீரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த நீரிலிருந்து ஒரு புரோட்டான் கழன்று கரைசலுக்குள் போய்விடுகிறது. இரும்பின் நீர் அணைவு வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தைவிட வலுவான அமிலம்: அதன் அமில அடுக்கெண் சுமார் 2.2, அசெட்டிக் அமிலத்துக்கு 4.76. எண் சிறிதானால் அமிலம் வலுவானது.

புரோட்டானை இழந்து உண்டாகும் ஹைட்ராக்சோ அணைவுகளும் (ஹைட்ராக்சைடு பிணைந்தவை), கூடவே குளோரைடு சேர்ந்தவையும்தான் மஞ்சள் பழுப்பு. இரும்பு நீர் அணைவின் சொந்த நிறம் மிக வெளிறிய ஊதா. ஃபெரிக் ஆலம் படிகத்தில் அதைப் பார்க்கலாம். கரைசல் தயாரிக்கும்போது சில சொட்டு அமிலம் சேர்க்கச் சொல்வது பிணைந்த நீர் இப்படிப் புரோட்டானை இழப்பதை, அதாவது நீராற்பகுப்பை, தடுக்கத்தான். சேர்க்காமல் வைத்தால் சில நாளில் புட்டியின் அடியில் துருநிறம் தங்கிவிடும்.

கலங்கல் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றிவிட்டால் தெளிவதும் இதே கதை, அங்கே அலுமினியம்: புரோட்டான்களை இழந்து ஹைட்ராக்சைடாகி, அழுக்கையும் திரட்டிக்கொண்டு அடியில் இறங்குகிறது.

நிலையான அணைவு என்றால் மெதுவாகத்தான் மாறும், இல்லையா?

இல்லை. தேர்வில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. எவ்வளவு இறுக்கம் என்பது ஒன்று, எவ்வளவு வேகம் என்பது வேறு. இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் வேதியியலாளர் ஹென்றி டௌபே. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தாமிரத்தோடு பிணைந்த ஒரு நீர் மூலக்கூறு ஒரு நானோ நொடிகூடத் தங்குவதில்லை. வேறு நீர் வந்து உட்கார்ந்துவிடும். நிக்கலில் சுமார் 30 மைக்ரோ நொடி தங்கும். மூன்று நேர்மின்சுமை கொண்ட குரோமியத்தில் ஏறத்தாழ ஐந்து நாள். இரிடியத்தில் 300 வருடம்! எல்லாம் அதே தண்ணீர்தான்.

குரோமியத்தின் சோம்பலைக் கண்ணால் பார்க்கலாம். கடையில் வரும் பச்சை குரோமிக் குளோரைடைத் தண்ணீரில் கரைத்து அலமாரியில் வையுங்கள். பிணைந்திருக்கும் குளோரைடுகள் ஒவ்வொன்றாக விலகித் தண்ணீர் உள்ளே வர, நாள் செல்லச் செல்லப் பச்சை மங்கி ஊதாச் சாயல் ஏறும்.

டவுன் பஸ்ஸில் ஏறியவருக்கு உட்கார எவ்வளவு நேரமாகும்? அது அவரைப் பொறுத்தது இல்லை. உட்கார்ந்திருப்பவர் எப்போது எழுந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நிக்கலில் எந்த ஈனியை விட்டாலும் இடமாற்றத்தின் வேகம் அதிகம் மாறுவதில்லை என்று வேதியியலாளர் மான்ஃப்ரெட் ஐகனும் மற்றவர்களும் கண்டது இதைத்தான். தண்ணீர் எழுந்திருப்பதுதான் நேரம் பிடிக்கும் படி.

வெர்னர் சில்வர் நைட்ரேட்டை விட்டே எல்லாவற்றையும் கண்டுபிடித்தாராமே?

எல்லாவற்றையும் இல்லை. ஆனால் அந்தச் சோதனை அழகானது. பிணையாமல் திரியும் குளோரைடை சில்வர் நைட்ரேட் வீழ்படிய வைக்கும். கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மங்களில் அதை விட்டால், ஆறு அம்மோனியா உள்ளதில் மூன்று குளோரைடும் வீழ்படிகிறது. ஐந்து உள்ளதில் இரண்டு. நான்கு உள்ளதில் ஒன்று. வீழ்படியாத குளோரைடு கோபால்ட்டோடு நேராகப் பிணைந்திருக்கிறது என்பது வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னரின் விளக்கம். 1893-இல் கொள்கையை வெளியிட்டார், 1913-இல் நோபல் பரிசு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: அவர் எடுத்தது மூன்று நேர்மின்சுமை உள்ள கோபால்ட். குரோமியத்தைப் போலவே அதுவும் சோம்பேறி. பிணைந்த குளோரைடு எழுந்திருக்கும் முன் எண்ணி முடித்துவிடலாம். தாமிரத்தை வைத்து இதே சோதனையைச் செய்திருந்தால், எத்தனை குளோரைடு பிணைந்திருந்தாலும் நொடியில் எல்லாம் வெளியே வந்து வீழ்படிந்திருக்கும். எண்ண ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சில்வர் குளோரைடு அம்மோனியாவில் கரைகிறது, அயோடைடு கரைவதில்லை. ஏன்?

இரண்டிலும் அம்மோனியாவின் பிடி ஒன்றுதான். சில்வர் அயோடைடு சில்வர் குளோரைடைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் குறைவான கரைதிறன் பெருக்கம் (தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய அயனிகளின் செறிவுகளைப் பெருக்கிய எண்) உடையது. அவ்வளவு இறுக்கமான படிகத்திலிருந்து வெள்ளியை இழுக்க அம்மோனியாவுக்குத் திராணி இல்லை. தயோசல்பேட்டுக்கும் சயனைடுக்கும் உண்டு.

இதெல்லாம் வீட்டில் எங்காவது நடக்கிறதா?

புளி போட்டுச் செம்புக்குடம் தேய்க்கும்போது நடக்கிறது. புளியில் டார்டாரிக் அமிலம் நிறைய. அமிலம் மேலே படிந்த கறுப்பையும் பச்சைக் களிம்பையும் கரைக்கிறது. டார்ட்ரேட் அயனி, கரைந்து வந்த தாமிரத்தைப் பிடித்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்கிறது. சர்க்கரை கண்டறிய ஃபெலிங் கரைசல் செய்வீர்களே, அதில் அவ்வளவு காரம் இருந்தும் தாமிரம் ஹைட்ராக்சைடாக இறங்காமல் நிற்பது இதே டார்ட்ரேட்டால்தான்.

அதே காரணத்தால், ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்போ ரசமோ வைத்தால் தாமிரம் குழம்புக்குள் இறங்கும். நம் பாட்டிமார் வாசலில் ஈயம் பூசுகிறவரின் குரல் கேட்டதும் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது சும்மா இல்லை. அவர் பூசியது வெள்ளீயம். நஞ்சான காரீயம் வேறு உலோகம். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிட்டேன்.